முப்பது ரூபாய் இருட்டு

பாசிக்குப் போகாத நாற்பத்தைந்து நாளில்
ஒரு நாளை எடுத்துக்கொண்டோம்.
சொல்லப்போனால் இரண்டு,
திரும்பும் பேருந்தில் கழிந்த ராத்திரியையும்
நாள் என்று எண்ணினால்.

கணக்கு எழுதியது கித்தேரி.
மகனுடைய அறிவியல் நோட்டில்
பூவின் பாகங்களுக்குப் பின்பக்கம்.
பாம்பன், மதுரை, வத்தலக்குண்டு, அங்கிருந்து மேலே.
தலைக்கு ஆயிரத்து எண்ணூறு.
அறை ஒன்று, ஆள் நாலு.
புளிச்சோறு வீட்டிலிருந்து. கருவாடு வேண்டாம்,
பஸ்ஸில் சண்டை வரும்.
ஸ்வெட்டர் என்று எழுதி அடித்துவிட்டு
போர்வை, அவரவர்
என்று எழுதியிருந்தாள்.

விடியக்கருக்கலில் பாலம் தாண்டும்போது
சம்சாத் மட்டும் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.
குருசடைப் பக்கம் தண்ணி வத்திக் கிடக்கு,
இன்னைக்கு இறங்கினா இருபது கிலோ, என்றாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கணக்கில் அந்த இருபது கிலோவுக்கு இடமில்லை.

மலையில் நாலு பேரும் வாந்தி.
வள்ளத்தில் வளர்ந்த வயிறு
மூன்றாவது கொண்டை ஊசியிலேயே தோற்றது.
பை கொடுத்த நடத்துனர்
எந்த ஊரும்மா என்றார்.
கடக்கரை என்றோம். மானம் போயிற்று.

மேலே ஒரு சோளக்கதிர் நாற்பது ரூபாய்.
எதையும் எங்கள் காசில்தான் மாற்றிப் பார்ப்போம்:
ஒரு கதிர் என்பது
கழுத்தளவுத் தண்ணீரில் அரை மணி நேரம்.
ஒன்றை வாங்கி நாலாய் ஒடித்தோம்.

குகைக்கு முப்பது.
டார்ச்சோடு வந்த பையனுக்கு
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
உள்ளே போகப்போகச் சுவர் நனைந்திருந்தது.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.
கல்லிடுக்குத் தண்ணீர்
உப்பில்லாமலும் இருக்கும் என்று
முப்பத்தொன்பது வயதில் தெரிந்தது.

ஒரு பொந்தைக் கண்டதும்
முத்துராக்கு பழக்கத்தில் கைவிட்டு
சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
அஞ்சாலை கிடக்குமாம்.
அத்தனை உயரத்தில், மலைக்குள்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
வௌவால்கள் இடம் மாறித் தொங்கின.

இப்ப லைட்டை அணைக்கப்போறேன், என்றான் பையன்.
அசையாம நில்லுங்க.
நிசமான இருட்டுன்னா என்னன்னு பாருங்க.

அணைத்தான்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.
முகத்தில் கண்ணாடி இல்லை,
காலில் தகடு இல்லை, இடுப்பில் பை இல்லை.
எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.
அடுத்தது விழ நெடுநேரம் ஆனது.

அக்கா, என்றான்.
அக்கா, இருக்கீங்களா?
குரல் உடைந்து, விளக்கைப் போட்டான்.

நாலு பேரும் கன்னம் உப்பி
உதட்டை இறுக்கி நின்றிருந்தோம்.
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.
தலைக்கு மேலே இருட்டு மூடியதும்
உடம்பு தானாக அடக்கிக்கொண்டது.

மூச்சு விடுங்கக்கா, என்றான்.
இங்க காத்து இருக்கு.

சின்னப்பாலம் வந்து சேர்ந்ததும்
வீட்டுக்காரர் கேட்டார்:
என்னத்தப் பாத்த?
இருட்டு.
அதுக்கா ஆயிரத்து எண்ணூறு?
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது, என்றேன்.
தலைக்குப் பதினோரு ரூபாய் மிச்சம்,
கித்தேரி நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

பாசிக்கு மறுபடி இறங்கிய முதல் நாள்,
பாறைக்கு அடியில் கையைச் செருகி
மரிக்கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது
அந்தப் பையன் குரல் கேட்டது.
தண்ணீருக்குள் சிரிக்கக் கூடாது.
சிரித்துவிட்டேன்.

மேலே வந்து இருமி இருமி
உப்பைத் துப்பிவிட்டுப் பார்த்தால்
பத்தடி தள்ளி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கித்தேரியும் இருமிக்கொண்டிருந்தாள்.